இளைய அணியை எடைபோடுதல்

ஓர் அணி வென்றால் வீரரைப் புகழ்வதும், தோற்றால் பயிற்சியாளரைக் குறை கூறுவதும் பார்வையாளர் வழக்கம். வெற்றி தோல்விகளை எண்ணுவது எளிது. ஆனால், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்து அணியை அந்த எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் தவறான முடிவுக்கே வர நேரும். அந்த வயதில் மற்றவர்களை விட ஓராண்டு முன்னதாக உயரம் பெற்றுவிட்ட ஒரே ஒரு பிள்ளையைக் கொண்டு ஒரு தொடரையே வென்றுவிடலாம். அந்தப் பிள்ளைக்கும் மற்ற நால்வருக்கும் ஆட்டத்தின் நுட்பம் ஏதும் கற்பிக்கப்படாமலே அவ்வெற்றி கிடைத்திருக்கவும் கூடும்.

ஐதராபாத்தில் நாச்சாரத்தை அடுத்த மல்லாபூரில் ஒரு பள்ளி அணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு மாணவியர் பத்துப் பேர். அவர்களுள் ஒருத்தி மட்டும் மற்றவர்களை விட ஒரு சாண் உயரம். பயிற்சியாளர் அவளை வளையத்தின் அருகே நிறுத்துகிறார். மற்றவர்கள் பந்தை அவளிடம் எறிகிறார்கள். அவள் திரும்பிக் கூடையில் இடுகிறாள். அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் வெல்கிறது. இந்தப் பயிற்சியாளர் நல்லவரா? விடை கூறுவதற்கு முன் இவ்விளையாட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் உருவாக்கப்பட்டது. அவர் பணியாற்றிய கிறித்தவ இளைஞர் சங்கமே இவ்விளையாட்டை உலகெங்கும் கொண்டு சென்றது. அச்சங்கத்தின் சார்பில் ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி, இந்தியா முழுமைக்கும் விளையாட்டு ஆசிரியர்களை அனுப்பிய நாற்றங்கால் எனலாம். ஆகவே, தமிழ்நாட்டுக்கும் கூடைப்பந்துக்கும் உள்ள உறவு பழையது.

ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். அணிக்கு ஐவர் ஆடுவர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்போர் பின்வரிசையினர். இவர்களைக் 'கார்டு' என்பர். வளையத்துக்கு அருகில் ஆடும் முன்வரிசையினரில் இருவர் 'பார்வர்டு', ஒருவர் 'சென்டர்' எனப்படும் மையவீரர். பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து கூடையில் விழாமல் திரும்பினால் அதைப் பாய்ந்து பிடிப்பது மீள்பந்து. திடலில் எவரும் 'மீள்பந்து' என்று கூவுவதில்லை. 'ரீபவுண்ட்' என்றே கூவுவர். எழுதும்போது இரண்டு சொற்களும் தெரிந்திருப்பது நலம்.

முன்வரிசையினருக்கு உயரம் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. எனினும் உயரமானவரை வளையத்தின் கீழே தூண் போல நட்டுவைக்க விதி இடம் தருவதில்லை. தாக்கும் அணியின் வீரர் வளையத்தின் கீழுள்ள கட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று வினாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. அவர் வெளியே வரவேண்டும், மீண்டும் நுழையவேண்டும், வரும் வழியில் தோழிக்குத் தடுப்பாக நின்று உதவவேண்டும். எனவே, உயரத்தோடு கால்களுக்கும் பயிற்சி தேவைப்படுகிறது.

இனி ஓர் உண்மையான பயிற்சியாளரைக் காண்போம். சங்கரன் சுப்பிரமணியன் என்பவர் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே சென்று, பஞ்சாப் மாநிலத்து லூதியானாவில் கூடைப்பந்து கற்பித்தவர். அங்கே 2000-களின் தொடக்கத்தில் உருவான லூதியானா கூடைப்பந்துப் பயிற்சியகம் அவர் கையில் வளர்ந்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் வேளாண் குடும்பங்களிலிருந்தும் உயரமான சிறுவர்கள் அங்கு வந்து தங்கிப் பயின்றனர். பந்தைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் சத்னாம் சிங். பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995-இல் பிறந்த அவர், ஏறத்தாழப் பத்து வயதில் லூதியானாவுக்கு வந்து சேர்ந்தார். 2010-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 2015 ஜூனில் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. நடத்திய வீரர் தேர்வில், டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அத்தேர்வில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அப்போது அவர் உயரம் ஏறத்தாழ 218 செ.மீ.

செய்தித்தாள்கள் சத்னாமின் உயரத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. ஆனால் அந்தப் பயிற்சியகத்தின் பெருமை ஒரே ஒரு நெடியவரால் வந்ததன்று. ஜக்தீப் சிங், யாத்விந்தர் சிங், அம்ஜியோத் சிங், அம்ரித்பால் சிங் என இந்திய அணியில் அடுத்தடுத்து ஆடியோர் பலர் அங்குப் பயின்றவர்கள். இவர்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்த வீரர்களும் அல்லர். அம்ரித்பால் வளையத்தின் அருகே வலிமை காட்டும் மையவீரர். பிள்ளைப் பருவம் கடந்த பின்னரே கூடைப்பந்துக்கு வந்தவர். அம்ஜியோத் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் உடையவராயினும், வெளியே நின்று தொலைவிலிருந்து எறியவும் வல்லவர். உயரமானவர் எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்தும் பயிற்சியாளரிடமிருந்து இத்தகைய இருவர் வந்திருக்க முடியாது.

2014 ஜூலையில் சீனாவின் ஊஹான் நகரில் ஆசியக் கோப்பை நடைபெற்றது. அங்கே இந்திய ஆடவர் அணி சீன அணியை 65-58 என்ற கணக்கில் வென்றது. அதற்கு முன் இந்தியா சீனாவை வென்றதே இல்லை. விசேஷ் பிருகுவன்ஷி பின்வரிசையில் ஆட்டத்தை நடத்த, முன்வரிசையில் அம்ரித்பாலும் அம்ஜியோத்தும் நின்றனர். அப்போது அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஸ்காட் பிளெமிங் என்னும் அமெரிக்கர்; பொறுப்பேற்று இரண்டாண்டு கூட நிறைவடையவில்லை.

இவ்வெற்றியின் புகழ் யாருக்குரியது? பிளெமிங்கின் திட்டத்துக்கு உரிய பங்கை மறுக்க இயலாது. ஆட்டக் கணக்கைப் பார்த்தாலே ஒன்று புலப்படும். நாற்பது நிமிடத்தில் 65 புள்ளி என்பது மிகுதியன்று. எதிரணியை 58-இல் நிறுத்தியதே வெற்றிக்கு வழி. தாக்குதல் ஆட்டத்தைப் பற்றியே பேசும் பார்வையாளர்கள் தற்காப்பை மறந்துவிடுகின்றனர். ஆயினும் பிளெமிங் நிறுத்திய அந்த முன்வரிசை இரண்டாண்டில் விளைந்த பயிர் அன்று. அதற்கு விதைத்து நீர் பாய்ச்சிய சுப்பிரமணியன் 2013 ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். சீனாவை வென்ற செய்தியை அவர் கேட்கவில்லை. சத்னாம் தேர்வானதையும் காணவில்லை. இளையோரின் பயிற்சியாளருக்கு நேரும் நிலை பெரும்பாலும் இதுவே. அவர் செய்த வேலையின் பயன் பல ஆண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறொருவர் பொறுப்பில் இருக்கும்போது வெளிப்படுகிறது. அதனால்தான் இவ்வாண்டின் வெற்றிக் கணக்கு அவருக்குச் சரியான அளவுகோல் ஆவதில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? முதலில் தாக்குதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மல்லாபூர் அணி சனிக்கிழமை ஆட்டத்தில் 49 புள்ளியும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் 40 புள்ளியும் எடுத்ததாகக் கொள்க. சனிக்கிழமையே சிறப்பு என்று தோன்றும். ஆனால் சனிக்கிழமை பந்து 70 முறை கைக்கு வந்தது. ஞாயிறு அன்று 50 முறையே வந்தது. வகுத்துப் பார்த்தால், சனிக்கிழமை ஒரு வாய்ப்புக்கு 0.7 புள்ளி, ஞாயிறு 0.8 புள்ளி. கிடைத்ததை நன்றாகப் பயன்படுத்தியது ஞாயிற்றுக்கிழமை அணிதான். விரைந்து ஓடி விரைந்து எறிந்தால் புள்ளி கூடும், வீணாவதும் கூடும்.

எண்ணுக்கு அப்பாலும் பார்க்க வேண்டியது உண்டு. பந்து எத்தனை கைகளுக்குச் செல்கிறது? பந்து இல்லாத நால்வர் நின்று வேடிக்கை பார்க்கிறார்களா, இடம் மாறி வழி திறக்கிறார்களா? உயரமான மாணவியை எதிரணியினர் இருவர் சூழ்ந்துகொண்டால், அவள் பந்தை யாரிடம் தருவாள்? அக்கேள்விக்கு ஐவரிடமும் விடை இருந்தால் அங்கே ஒரு தாக்குதல் முறை இருக்கிறது. விடை இல்லையென்றால் அங்கே இருப்பது ஓர் உயரம் மட்டுமே.

முன்வரிசையை அமைப்பது பயிற்சியாளரின் துணிவைக் காட்டும் இடம். இதற்கு 2015 ஜூனில் நடந்த என்.பி.ஏ. இறுதிப் போட்டி நல்ல சான்று. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 1-2 என்று பின்தங்கியிருந்தது. அதன் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்ருக்குப் பயிற்சியாளராக அதுவே முதல் பருவம். நான்காம் ஆட்டத்தில் அவர் 213 செ.மீ. உயரமுள்ள மையவீரர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, உயரம் குறைந்த ஆண்ட்ரே இகுவோடாலாவைச் சேர்த்தார். ஏறத்தாழ இரண்டு மீட்டரே உயரமுள்ள டிரேமண்ட் கிரீன் மையத்தில் ஆடினார். விரைவும் எறிதிறனும் கூடின. வாரியர்ஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரராக இகுவோடாலாவே தேர்வானார். இம்மாற்றத்தை முதலில் கூறியவர் நிக் யூரென் என்னும் இளம் உதவியாளர். இருபத்தெட்டு வயது உதவியாளரின் சொல்லைக் கேட்ட கெர்ரின் செவிக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

சத்னாம் தேர்வானதும் அதே ஜூன் மாதத்தில்தான் என்பது கருதத்தக்கது. நெடிய மையவீரருக்கு இருந்த மதிப்பு குறைந்து, ஓடவும் தொலைவிலிருந்து எறியவும் வல்ல முன்வரிசையினருக்கு மதிப்பு ஏறிய காலம் அது. சத்னாம் டெக்சாஸில் வளர்ச்சி லீக் ஆட்டங்களில் ஆடினார், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதனால் அவரை உருவாக்கியோர் தோற்றனர் என்று கூறுவது முறையன்று. பந்தையே அறியாத சிற்றூர்ச் சிறுவனை அவ்வாசல் வரை கொண்டு சென்றது சிறு செயலா?

இந்திய மகளிர் அணியிலும் இதே பாடத்தைக் காணலாம். கேரளத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் மையவீராங்கனை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பின்வரிசையில் ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இருவரும் சென்னையில் தென்னக இரயில்வேயில் பணியாற்றி, நாட்டு அணியிலும் சேர்ந்து ஆடினர். மையத்தில் எத்துணைத் திறமை இருப்பினும், தக்க நொடியில் பந்தைக் கொண்டு சேர்க்கும் கை ஒன்று வெளியே வேண்டும். முன்வரிசையை மட்டும் தனியே பிரித்து எடைபோட இயலாது.

இப்போது மல்லாபூர்ப் பயிற்சியாளரைப் பற்றிய வினாவுக்கு வருவோம். ஆறு வெற்றிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவரது மாலைநேரப் பயிற்சியை ஒரு வாரம் கவனித்தால் போதும். உயரமான மாணவிக்குப் பந்தைத் தட்டிச் செல்லவும், வெளியே நின்று எறியவும் கற்பிக்கிறாரா? மற்றவர்களும் அடுத்த ஆண்டு வளரக்கூடும். அவள் வளர்ச்சி நின்றுவிடவும் கூடும். அப்போது அவளிடம் எஞ்சுவது எது? ஆட்டம் கைக்கு வந்துவிட்ட பிறகாவது ஒன்பதாம், பத்தாம் மாணவியரைக் களத்தில் இறக்குகிறாரா? தவறிய மாணவியிடம் கத்துகிறாரா, தவற்றின் காரணத்தைக் கேட்கிறாரா? சென்ற ஜூனில் செய்ய முடியாத எதை அவர்கள் இந்த ஜனவரியில் செய்கிறார்கள்?

ஆறு ஆட்டங்களில் நான்கில் தோற்றாலும், பத்துப் பேருக்கும் இரு கையாலும் பந்தைத் தட்டத் தெரிந்திருந்தால், அந்தப் பயிற்சியாளரை மாற்றுமாறு பெற்றோர் கேட்கக் கூடாது. ஆறிலும் வென்று, ஒருத்தியை மட்டும் வளையத்தின் கீழ் நிறுத்தியிருந்தால் கேட்கலாம்.

சொற்பொருள்

எடைபோடுதல் – மதிப்பிடுதல்
நாற்றங்கால் – நாற்று வளர்க்கும் இடம். இங்கே, பலரை உருவாக்கிய இடம்
மீள்பந்து – கூடையில் விழாமல் திரும்பும் பந்து
நெடியவர் – உயரமானவர்

சிந்தித்து எழுதுக

1. 2014-இல் சீனாவை வென்றதில் சுப்பிரமணியனுக்கும் பிளெமிங்குக்கும் உள்ள பங்கினை உம் சொற்களில் விளக்குக.
2. ஓர் அணி 60 வாய்ப்புகளில் 45 புள்ளி எடுத்தது. ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி? மல்லாபூர் அணியின் இரு ஆட்டங்களோடு ஒப்பிடுக.
3. உம் பள்ளித் திடலில் நடக்கும் ஓர் ஆட்டத்தைப் பத்து நிமிடம் கவனித்து, பந்து இல்லாத வீரர்கள் என்ன செய்தனர் என்று ஐந்து தொடர்களில் எழுதுக.