ஆறாத அல்சர், வலிக்காத நெறிக்கட்டி... மெதுவாக வளரும் 'மார்ஜினல் ஜோன் லிம்போமா': எத்தனை வகை? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நெஞ்செரிச்சலா? மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேஸ் மாத்திரை. கழுத்தில் நெறி கட்டியிருக்கா? "சளியா இருக்கும், தானா அமுங்கிடும்." வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் என எந்த ஊரில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், மாதக்கணக்கில் போகாத எரிச்சலுக்கும் அமுங்காத நெறிக்கும் பின்னால், அரிதாக ஒரு புற்றுநோய் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம். அதன் பெயர் மார்ஜினல் ஜோன் லிம்போமா.

பெயரைக் கேட்டு பயந்துவிட வேண்டாம். இதில் ஒரு வகை, ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே மறைந்துவிடக் கூடியது. ஆனால், அதற்கு எந்த வகை என்பது முதலில் சரியாகத் தெரிய வேண்டும். விவரமாகப் பார்ப்போம்.

லிம்போமா என்றால் என்ன?

கிருமிகளை எதிர்த்துப் போராட நம் உடலில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு பிரிவு 'பி செல்'. இவை கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும், மண்ணீரலிலும், குடல் சுவர் போன்ற இடங்களிலும் தங்கியிருக்கும். இந்த அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அதுதான் பி செல் லிம்போமா.

சில லிம்போமாக்கள் வாரக்கணக்கில் பெரிதாகும். சில வகைகள் வருடக்கணக்கில் மெல்ல வளரும். மார்ஜினல் ஜோன் லிம்போமா இரண்டாவது ரகம். நிணநீர்த் திசுவில் பி செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்தின் வெளி ஓரத்தில் உள்ள அணுக்களில் தொடங்குவதால் இந்தப் பெயர். பெரும்பாலும் 60 வயதையொட்டியவர்களுக்கு வருகிறது.

3 வகைகள் என்னென்ன?

1. மால்ட் லிம்போமா: இதுதான் அதிகம். நிணநீர்க் கணுவுக்கு வெளியே வரும். இரைப்பைதான் முக்கியமான இடம். கண்ணைச் சுற்றிய பகுதி, உமிழ்நீர்ச் சுரப்பி, தைராய்டு, நுரையீரல், தோல் ஆகியவற்றிலும் வரலாம். இரைப்பையில் வந்தால் அறிகுறிகள் அப்படியே அல்சர் மாதிரிதான்: எரிச்சல், மேல் வயிற்று வலி, பசியின்மை.

2. மண்ணீரல் வகை: இடது விலா எலும்புக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் வீங்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். ரத்தசோகை, களைப்பு இருக்கும். வேறு எதற்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. சிலருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றோடு தொடர்பு இருக்கும்.

3. கணு வகை: கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத நெறிக்கட்டியாக வரும்.

மாத்திரையில் மறையும் புற்றுநோயா?

ஆமாம், இரைப்பை மால்ட் வகையில் இது சாத்தியம். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 1982-ல் அல்சருக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்தார்கள். இதற்காக 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி வருடக்கணக்கில் இரைப்பையில் இருந்தால், அதை எதிர்த்து பி செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. சிலருக்கு அதுவே ஒரு கட்டத்தில் லிம்போமாவாக மாறுகிறது.

1993-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 6 நோயாளிகளுக்கு கிருமியை அழிக்கும் மருந்து மட்டும் கொடுத்தார்கள். 5 பேருக்கு லிம்போமா மறைந்தது. இன்று ஆரம்பக் கட்டத்தில் இதுதான் முதல் சிகிச்சை: மூன்று அல்லது நான்கு மருந்துகள் சேர்ந்த 10 முதல் 14 நாள் கோர்ஸ். லிம்போமா முழுவதும் மறைய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். அதனால் திரும்பத் திரும்ப எண்டோஸ்கோபி செய்து பார்ப்பார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கிருமி இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இருக்கிறது. அவர்களில் லிம்போமா வருவது மிக மிகச் சிலருக்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஸ்கேன் மட்டும் பார்த்து இந்த நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் முக்கியம்.

இரைப்பை என்றால் எண்டோஸ்கோபி வழியாகப் பல இடங்களில் சிறு சிறு துண்டுகளாக எடுப்பார்கள். நெறிக்கட்டி என்றால், ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனை மட்டும் பெரும்பாலும் போதாது. முடிந்தவரை கட்டியை முழுதாக எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது. அந்தச் சதையில் சிடி 20, சிடி 5, சிடி 10 போன்ற அடையாளப் புரதங்களைப் பார்த்துத்தான் மற்ற லிம்போமாக்களிலிருந்து இதைப் பிரித்தறிகிறார்கள். மண்ணீரல் வகையில் ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் வைத்தே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடுவார்கள். பிறகு, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க சிடி ஸ்கேன் போன்றவை. ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் அவசியம்.

இங்கே இரண்டு இடத்தில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, கேஸ் மாத்திரை. ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் போன்றவை எரிச்சலைத் தற்காலிகமாக அடக்கிவிடும், நோய் உள்ளேயே இருக்கும். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதித்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வரலாம். வழக்கமாக 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இரண்டு, காசநோய். நம் நாட்டில் கழுத்தில் நெறி கட்டுவதற்கு டிபி ஒரு முக்கியக் காரணம். அதனால் பயாப்ஸி இல்லாமலே டிபி மருந்து தொடங்கப்படுவது உண்டு. மருந்து சாப்பிட்டும் கட்டி குறையவில்லை என்றால், "சதை எடுத்துப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

எப்போது போக வேண்டும்?

சில வாரங்களுக்கு மேல் எரிச்சல் நீடித்தால், மலம் கருப்பாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ராத்திரி துணி நனையும் அளவுக்கு வியர்த்தால், ஒரு மாதம் ஆகியும் நெறி அமுங்காவிட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

வாடிப்பட்டி பகுதி மக்கள் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். எண்டோஸ்கோபி, பயாப்ஸிக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, அதாவது நம்ம பெரியாஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்கு பாலரெங்காபுரத்தில் அரசு மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். குடும்ப அட்டையையும் பழைய ரிப்போர்ட்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நோய் உறுதியானாலும் எல்லோருக்கும் உடனே கீமோ கிடையாது. கிருமிக்கு மாத்திரை, குறைந்த அளவு கதிர்வீச்சு, ரிட்டுக்ஸிமேப் ஊசி என வகைக்கு ஏற்ப வழிகள் உண்டு. தொந்தரவே இல்லாத சிலரை, மருந்து கொடுக்காமல் கண்காணித்து மட்டும் வருவார்கள். மெதுவாக வளரும் நோய் என்பதால் பதற வேண்டியதில்லை. அதற்காக, கேஸ் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்தவும் வேண்டாம்.