ஸோம்பி வந்தால் மாம்புரியில் எந்தப் பக்கம் ஓடுவது?

புத்தளம் மாவட்டத்து மாம்புரிச் சந்தியில் 'அனர்த்த முன்னாயத்தக் கூட்டம்' என்று ஒரு பதாகையைக் கட்டிப் பாருங்கள். நாலைந்து பெரியவர்கள் வருவார்கள், மரண உதவிச் சங்கச் செயலாளர் வருவார், வரவுப் பதிவில் கையொப்பம் வைத்துவிட்டுப் போக இரண்டு பேர் வருவார்கள். பின்னேரம் பந்தடிக்கிற பொடியன்கள் எட்டியும் பார்க்க மாட்டார்கள். அதே பொடியன்களிடம், "இன்றிரவு பாலாவிப் பக்கமிருந்து ஸோம்பிக் கூட்டம் வருகிறது, எங்கே ஒளிவீர்கள்?" என்று கேளுங்கள். பள்ளிக்கூட மாடி என்பான் ஒருவன். போட்டில் ஏறிக் கடலுக்குப் போய்விடலாம் என்பான் இன்னொருவன். மூன்றாமவன், எஞ்சினில் இருக்கிற மண்ணெண்ணெய் எத்தனை மணித்தியாலத்துக்குக் காணும் என்று கணக்குக் கேட்பான். இருட்டும்வரை கூட்டம் கலையாது. பேசுவது ஸோம்பியைப் பற்றித்தான். ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும் சுனாமிக்கும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் நாம் கேட்டு வைத்திருக்க வேண்டியது.

இந்த ஆர்வத்தைப் பெரிய அளவில் பயன்படுத்திய அரச நிறுவனம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு நிலையம். அதன் முன்னாயத்தப் பிரிவின் பணிப்பாளராக இருந்த டொக்டர் அலி கான், 2011 மே மாதம் 'ஸோம்பிகள் வந்தால் என்ன செய்வது' என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். வீட்டில் தண்ணீர், கெடாத உணவு, மருந்து, கருவிகள், ஆவணங்கள் அடங்கிய பை இருக்க வேண்டும், பிரிந்துபோனால் குடும்பம் சந்திக்க ஓரிடம் குறித்திருக்க வேண்டும், வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சூறாவளிக்கும் இதையேதான் ஆண்டாண்டாகச் சொல்லி வந்தார்கள். ஸோம்பி என்ற ஒரு சொல் சேர்ந்ததும் படிக்க வந்த கூட்டத்தில் இணையத்தளமே முடங்கியது. அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 2003இல், சென் லூயிஸ் நகரில் ஸோம்பிப் பட ரசிகர்கள் சிலர் 'ஸோம்பி ஸ்குவாட்' என்று ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். படம் பார்க்கக் கூடியவர்கள் தகர உணவு சேர்த்து ஏழைகளுக்குக் கொடுத்தார்கள், இரத்ததானம் செய்தார்கள், முதலுதவி கற்றார்கள்.

நமக்கு இது அந்நியமான வழி என்று யாரும் சொல்ல முடியாது. நடிகரின் பிறந்தநாளில் இரத்ததானம் செய்வதும் வெள்ளத்தில் சோற்றுப் பொட்டலம் சுமப்பதும் தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களுக்குப் பழகிய வேலை. தமிழ் ஸோம்பிப் படமான 'மிருதன்' 2016இல் வந்தபிறகு ஸோம்பி யாரென்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பிரசாரத்தை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸோம்பிக் கதையோடு செய்தியைப் பெற்றவர்களுக்கு, கதை இல்லாமல் பெற்றவர்களைவிட, ஆயத்தம் செய்யும் எண்ணம் குறைவாகவே இருந்தது. சிரித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஆகவே ஸோம்பி ஆட்களைக் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். கூடிய அதே மணித்தியாலத்தில், அதே இடத்தில், கையில் ஒரு வேலையைக் கொடுக்காவிட்டால் முயற்சி வீண்.

மாம்புரியில் அந்த வேலை என்ன? நிலத்தைப் பார்த்தால் தெரியும். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல் தரை. தரைவழியாகப் புத்தளம் போக பாலாவிக்குச் செல்லும் வீதியை விட்டால் வேறு பெரிய வழி இல்லை. கடலோரத்தில் 2010 முதல் சுழலும் காற்றாலைகள், பக்கத்தில் 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம். இயற்கை அனர்த்தமும் தொழிற்சாலை விபத்தும் ஒரே ஊரின் கணக்கில் வருகின்றன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சூறாவளி, வெள்ளம், சுனாமி ஆகியவற்றோடு கரையோர அரிப்பையும் கைத்தொழில் ஆபத்தையும் எண்ணெய்க் கசிவையும் கொள்ளைநோயையும் அனர்த்தம் என்றே வரையறுக்கிறது. கடல் கரையை அரித்துத் தின்பது விதி, அதற்கு யாரிடம் முறையிடுவது என்று கரைவலைக்காரர்கள் நினைக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கியதற்கும் அலை நம் கிழக்குக் கரையைத் தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. கரையில் நின்றவர்களுக்கு ஒரு சொல் வந்து சேரவில்லை. கடல் உள்வாங்கியதைக் கண்டு மீன் பொறுக்க இறங்கிப் போனார்கள். முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போனபின்தான் மேற்சொன்ன சட்டமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எச்சரிக்கை இருந்தது, ஆனாலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புத்தளம் மாவட்டத்தில் பல இடங்கள் வெள்ளத்தில் மூழ்கின. நம் எல்லையிலுள்ள கலா ஓயாப் பாலத்தருகே பஸ்ஸோடு சிக்கிய கிட்டத்தட்ட எழுபது பேர் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி நின்று, கடற்படையும் விமானப்படையும் வந்து மீட்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி, ஸோம்பிக் கேள்வியையே ஓர் ஒத்திகை விளையாட்டாக வைத்து, பொடியன்களின் விடைகளுக்குத் திரும்புவோம். போட்டில் ஏறிக் கடலுக்குப் போவது ஸோம்பிக்குச் சரியாக இருக்கலாம், புயலுக்கு அது சாவு. சுனாமி எச்சரிக்கையின்போது ஆழ்கடலில் ஏற்கெனவே நிற்பவர் அங்கேயே நிற்பது நல்லது; கரையில் இருப்பவர் போட்டைக் காப்பாற்றப் போகவே கூடாது. இதை விளையாட்டின் நடுவில், அந்த விடையைச் சொன்னவனிடமே சொல்லும்போது மறக்க மாட்டான். பள்ளிக்கூட மாடி நல்ல விடை. ஆனால் திறப்பு யாரிடம்? இரவு பதினொரு மணிக்கு அவர் ஊரில் இருப்பாரா? அங்கே எத்தனை பேர் நிற்கலாம், மலசலகூடத்துக்குத் தண்ணீர் உண்டா?

ஒவ்வொரு வீட்டிலும் கட்டி வைக்கும் பையில் இருக்க வேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர் என்பது அமெரிக்கக் கணக்கு. நம் வெயிலுக்கு அது போதாது. மணற்தரைக் கிணறுகளில் வெள்ளமோ கடல்நீரோ புகுந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக் குளோரின் இடும்வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் ஒரு கிழமை மருந்து, கிளினிக் கொப்பியோடு. அடுத்தது காகிதங்கள். இதை நம் பகுதிக்கு அமெரிக்கர் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் வந்து தங்கியது இந்தப் புத்தளம், கற்பிட்டி மண்ணில்தான். மிகக் குறுகிய அவகாசத்தில் கிளம்பியவர்கள் அவர்கள். காணி உறுதி கையில் இல்லாமல் தன் நிலம் தன்னுடையது என்று பத்து, இருபது ஆண்டு கழித்து நிரூபிக்க எவ்வளவு அலைய வேண்டியிருந்தது என்பதைக் கேட்க இளைஞர்கள் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போனால் போதும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், படகுப் பதிவு: இவற்றைத் தண்ணீர் புகாத ஒரே உறையில் போட்டு, ஒவ்வொன்றையும் படமெடுத்து வெளியூர் உறவினர் ஒருவரின் போனுக்கும் அனுப்பிவிட வேண்டும்.

ஸோம்பிப் படங்கள் பிழையாகக் கற்பிக்கும் ஒன்றும் உண்டு. கதவைப் பூட்டு, அயலவனை நம்பாதே, ஆயுதம் தேடு என்பது அந்தப் படங்களின் பாடம். உண்மையான வெள்ளத்தில் முதல் மணித்தியாலங்களில் உயிர் காப்பது அயலவர்தான். மீட்புப் படகு வருவது பிறகு. ஆகவே நம் விளையாட்டின் விதியை மாற்ற வேண்டும். தப்பியவர் வென்றவர் என்று வைக்காமல், தனியே நடக்க முடியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு குறித்த இடத்துக்கு வந்த அணிக்குத்தான் வெற்றி என்று வைத்தால் போதும். கட்டிலோடு கிடக்கும் ஆச்சியை எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் தூக்க வேண்டும், காது கேளாத அண்ணனுக்கு இரவில் யார் தட்டிச் சொல்வது, கர்ப்பிணிகள் எந்தெந்த வீட்டில் என்பதெல்லாம் தேடிப் பிடித்து எழுதும் போட்டியாக அது மாறிவிடும். பருவத்துக்கு வந்து வாடி அடித்துத் தங்கும் வெளியூர் மீனவர்களை இந்தப் பட்டியலில் விட்டுவிடக் கூடாது. அவர்கள் பெயர் வேறொரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கும். தங்கியிருக்கும் ஊரின் பட்டியலில் இல்லாதவரை எவரும் தேடிப் போவதில்லை.

இவ்வளவும் ஊர் தானே செய்யக்கூடியது. விளையாட்டு எழுப்பும் சில கேள்விகளுக்கு விடை அரசிடம்தான் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. எங்கள் பிரிவுக்குரிய பாதுகாப்பு நிலையம் எது? வெளியேறும் பாதை எது? பாலாவி வீதி துண்டிக்கப்பட்டால் மாற்று ஏற்பாடு என்ன? அனல்மின் நிலையத்தின் அவசரகாலத் திட்டத்தில் அயல் கிராமங்களுக்கு என்ன எழுதியிருக்கிறது? 2005ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சுகளும் திணைக்களங்களும் அரச கூட்டுத்தாபனங்களும் தத்தம் அனர்த்த முகாமைத்துவத் திட்டத்தைத் தயாரிக்கப் பணிக்கிறது. அது தயாரா என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலோ உரிய நிறுவனத்திலோ உள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லியாக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலத்துக்குள். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கப்பால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. விண்ணப்பத்தின் பிரதியும் திகதி போட்ட பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பது இன்னும் கூர்மையான விஷயம். டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. நமக்குப் புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை வராத எச்சரிக்கைதான். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழையும் அரச கரும மொழியாக ஏற்று, அரசோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆகவே தமிழில் எச்சரிக்கை கேட்பது சலுகை கேட்பதாகாது. அடுத்த முறை ஓர் அறிவித்தல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் வந்தால், வந்த நேரத்தோடு திரையைப் படமெடுத்து வைத்து அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் 117ஐ, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கத்தை, எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. அறிவித்தலைத் தமிழில் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரை ஊர் விளையாட்டுக் கழகம் தெரிவுசெய்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோவில் மணியிலும் என்ன சைகைக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே முடிவுகட்டி வைத்தால், நடுச்சாமத்தில் ஊரை எழுப்ப அது உதவும்.

தண்ணீர் வடிந்தபின் வரும் தொல்லை நிவாரணம். டித்வாவுக்குப்பின் வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அறிவிப்புக்கும் கைக்கும் இடையே கிராம உத்தியோகத்தரின் பதிவு இருக்கிறது. சேற்றைக் கழுவித் தள்ளுவதற்குமுன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியப் படமெடுங்கள். பழுதான எஞ்சின், வலை, நெல்மூடை, பிள்ளையின் பாடப் புத்தகம் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே எடுங்கள். பெயர் விடுபட்டால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையிட்டு, மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மொழி, மதம், கட்சி பார்த்து ஒதுக்கினார்கள் என்றால் அது அடிப்படை உரிமை மீறல். உயர் நீதிமன்றத்துக்கு மனுப்போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அதன் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் உடனடித் தொலைபேசி 1996. இந்த வழி வெறும் ஏட்டுச் சுரைக்காயில்லை. எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையில் ஒதுங்கிய விவகாரத்தில், அடிப்படை உரிமை மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.

இந்த ஸோம்பி ஒத்திகையை வைப்பவர்கள் சிலவற்றில் கவனமாக இருக்க வேண்டும். பகலில் நடத்துங்கள். நாளையும் நேரத்தையும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸுக்கும் முன்பே எழுத்தில் அறிவியுங்கள். பூச்சுப் பூசி ஆடுவது மைதானத்துக்குள் இருக்கட்டும். ஷெல்லுக்கும் அலைக்கும் தப்பி வந்தவர்கள் இந்த ஊரில் வாழ்கிறார்கள். அவர்கள் வாசலில் கத்திக்கொண்டு ஓடுவது கொடுமை. "கடல் வருகிறது" என்று விளையாட்டுக்குக்கூட எவரும் கூவக்கூடாது. பெண் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க நிறுத்தாமல் அணித்தலைமை கொடுங்கள்: பகலில் ஆண்கள் கடலிலும் தோட்டத்திலும் நிற்கும் நேரத்தில் அலை வந்தால் ஊரை நகர்த்தப் போவது அவர்கள்தான்.

நாள் முடிவில் வீட்டுக்கு ஒரு பை கட்டியாகிவிட்டதா என்று அணிகள் நேரில் போய்ப் பார்த்து எழுதட்டும். நடக்க இயலாதவர் பட்டியலில் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று கழகத்திடம், ஒன்று பள்ளிவாசல் அல்லது கோவில் நிர்வாகத்திடம். நோய் விபரம் அதில் இருப்பதால் போன் குழுக்களில் பகிர வேண்டாம். வங்காள விரிகுடாவில் புயல்கள் பெருகும் ஒக்டோபர் பிறக்குமுன், இறந்தவர், பிறந்தவர், ஊர் மாறிப் போனவர், புதிதாய் வாடி அடித்தவர் என்று பார்த்து அந்த மூன்று பிரதிகளையும் ஒன்றாகத் திருத்துங்கள்.