கேரி - பயமுறுத்தும் பெண்ணா, பயந்த பெண்ணா?

பேய்ப்படம் என்றதும் நமக்கெல்லாம் வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் பாழடைந்த பங்களாவும்தான் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாமல், ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தையும் அதில் படிக்கும் ஒரு சாதுவான பெண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தையே நடுங்க வைத்த படம் ஒன்று உண்டு. 1976-ல் அமெரிக்காவில் வெளியான 'கேரி'தான் அது. ஸ்டீபன் கிங் எழுதிய நாவலைப் படமாக்கியவர் பிரையன் டி பால்மா.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் பெண் யாழினி, "என் ஃபிரண்ட்ஸ் எல்லாரும் பாத்துட்டாங்கம்மா, நானும் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் முதலில் ஒரு தடவை தனியாகப் பார்த்தேன். பிறகு அவளோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கதை இதுதான். கேரி ஒயிட் என்ற பெண் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு முடிந்து குளித்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று ரத்தம். அது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சாகப் போகிறோம் என்று பயந்து, ரத்தக் கையோடு தோழிகளிடம் ஓடிப்போய்க் கெஞ்சுகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள். சானிட்டரி நாப்கின்களை அள்ளி அவள்மேல் வீசி, கூட்டமாக நின்று கத்துகிறார்கள். அப்போது மேலே ஒரு விளக்கு 'பட்'டென்று வெடிக்கிறது. தொடாமலே பொருள்களை அசைக்கும் சக்தி அவளிடம் இருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் அது.

பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கப் போகும் பெண்ணுக்கு இது தெரியாமல் எப்படி இருக்கும்? அவள் தாய் மார்கரெட் சொல்லவில்லை. மதவெறி முற்றிய அந்த அம்மாளுக்குப் பெண்ணின் உடம்பே பாவம். விஷயம் தெரிந்ததும் மகளை அடித்து, ஓர் இருட்டறைக்குள் தள்ளி, பிரார்த்தனை செய் என்று பூட்டிவிடுகிறாள். எனக்கு உண்மையில் பயம் வந்த இடம் அந்த அறைதான். கடைசியில் பற்றி எரியும் நெருப்பு அல்ல.

இந்த இடத்தில் என் மனம் எங்கெங்கோ போய்விட்டது. தில்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோதுதான் நான் வயதுக்கு வந்தேன். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தவறாமல் வந்தன. கோடை விடுமுறையில் ஊருக்கு அழைத்துப்போய் மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, பந்தல், போட்டோ என்று ஊரைக் கூட்டிச் செய்தார்கள். ஆனால் இது ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், இனி மாதாமாதம் வருமா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "உட்காரு, எதையும் தொடாதே", அவ்வளவுதான்! கேரியின் தாய் செய்தது கொடுமை, சந்தேகமில்லை. நம் வீடுகளில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பெண்ணுக்கு மட்டும் சொல்லாமல் விட்டோமே, அதை என்னவென்று சொல்வது?

கதைக்குத் திரும்புகிறேன். கேலி செய்தவர்களில் சூ என்ற பெண்ணுக்கு மட்டும் மனம் உறுத்துகிறது. பள்ளி முடிவில் நடக்கும் 'ப்ராம்' நடன விழாவுக்குக் கேரியை அழைத்துப் போகும்படி தன் காதலன் டாமியிடமே சொல்கிறாள். கேரி தன் கையாலேயே இளஞ்சிவப்பு கவுன் தைத்துக்கொண்டு போகிறாள். அன்று ஒரு மணி நேரம் அவள் அழகாக, சந்தோஷமாக, எல்லாரையும் போல இருக்கிறாள். விழா ராணியாகவும் தேர்வாகிறாள். தண்டனைக்குக் கட்டுப்படாததால் விழாவுக்கு வரக்கூடாது என்று தடை வாங்கிய கிரிஸ், தன் காதலனோடு சேர்ந்து மேடைக்கு மேலே ஒரு வாளி நிறையப் பன்றி ரத்தத்தைக் கட்டி வைத்திருக்கிறாள். (அந்தக் காதலனாக வருபவர் ஜான் ட்ரவோல்டா. அவர் பெரிய நட்சத்திரமாவதற்கு முந்தைய படம் இது.) கயிறு இழுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அரங்கத்தின் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன...

கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வாளி கவிழ்ந்ததும் அரங்கத்தில் பலர் அதிர்ச்சியில் உறைந்துதான் நிற்கிறார்கள். ஆனால் கேரியின் கண்ணுக்கு எல்லாரும் சிரிக்கிறார்கள். அவளுக்காகப் பரிந்து பேசிய ஆசிரியை மிஸ் காலின்ஸ் கூடச் சிரிப்பதாகத் தெரிகிறது. எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று புறப்படும்போது தாய் சொன்ன வார்த்தை அவள் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நல்ல ஆசிரியையும் அன்று செத்துப்போகிறாள்.

நமக்கு உடனே கண்ணகி நினைவுக்கு வருவாள். அவளும் அநியாயத்துக்கு ஆளானவள். ஓர் ஊரையே எரித்தவள். ஆனால் அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடும்படி தீக்கடவுளுக்கு அவள் கட்டளையிட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அரசவையில் சிலம்பை உடைத்து வழக்கைச் சொல்லி, நீதி கேட்டுவிட்டு வந்தவள் அவள். கேரிக்கு வழக்குச் சொல்ல ஒரு சபையும் கிடைக்கவில்லை. தலைமை ஆசிரியர் அறையில் அவர் அவள் பெயரையே 'கேஸி', 'கேஸி' என்று தப்புத்தப்பாகச் சொல்கிறார். திருத்தினாலும் காதில் வாங்குவதில்லை.

யாழினி முழுப் படத்திலும் கண்ணைத் துடைத்துக்கொண்டது அந்த இடத்தில்தான். "ரத்தமெல்லாம் ஓகேம்மா. பேரைக்கூடச் சரியா சொல்லலியே அவரு" என்றாள். இவளை வகுப்பில் யாலினி, யாமினி, சில நாள் யாஸ்மின் என்றெல்லாம் கூப்பிடுகிறார்கள். 'ழ' வராதவர்கள் ஊரில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம்தானே!

நாவல் பிறந்த கதையும் சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் கிங் மெயின் மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். டிரெய்லர் வீட்டில் வாசம். டெலிபோன் இணைப்பை வைத்துக்கொள்ளக்கூட வசதியில்லை. எழுதிய முதல் சில பக்கங்கள் பிடிக்காமல் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். மனைவி டபிதாதான் எடுத்துப் பிரித்துப் படித்து, தொடர்ந்து எழுதச் சொன்னார். பெண்களின் உலகம் தெரியாது என்று தயங்கியவருக்கு அவரே துணையிருந்தார். தன்னோடு படித்து, எல்லாராலும் ஒதுக்கப்பட்டு, இளம் வயதிலேயே இறந்துபோன இரண்டு பெண்களை நினைத்துத்தான் கேரியை உருவாக்கியதாகக் கிங் பிற்பாடு எழுதியிருக்கிறார். நாவல் 1974-ல் வந்தது. முன்பணம் 2,500 டாலர். மலிவுப் பதிப்பு உரிமை 4 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதில் பாதி அவருக்கு. நாவலில் ஊரே அழிகிறது. சுமார் 18 லட்சம் டாலரில் எடுத்த படத்தில் பள்ளி அரங்கமும் வீடும் அழிவதோடு சரி. எனக்கென்னவோ அந்தச் சிக்கனம் படத்துக்கு நல்லதாகவே அமைந்துவிட்டது.

கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேஸக்குக்கு அப்போது வயது 26. தலைமுடியில் வாசலினைத் தடவிக்கொண்டு, பழைய கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு நடிப்புத் தேர்வுக்குப் போனாராம். ரத்தம் என்று நாம் பார்ப்பது சோளப் பாகும் சாயமும். காட்சிக்குக் காட்சி மாறிவிடக்கூடாதே என்று அந்தப் பாகோடேயே இரவில் தூங்கியிருக்கிறார் மனுஷி! தாயாக வரும் பைப்பர் லாரி பல வருஷம் திரைப்படத்தை விட்டு விலகியிருந்தவர். இருவருமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். பேய்ப்படத்துக்கு அபூர்வமான கௌரவம் அது. இரண்டு பரிசுகளுமே 'நெட்வொர்க்' படத்துக்குப் போய்விட்டன.

குறை இல்லாத படமல்ல. ஆரம்பக் குளியல் காட்சியில் காமிரா உடை மாற்றும் பெண்கள்மேல் வேண்டாத அளவுக்கு நிதானமாக ஊர்கிறது. சொல்ல வந்த விஷயத்துக்கு அது துரோகம் என்பது என் எண்ணம். பெற்றோர்கள் கவனத்துக்கு: சிறு குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை. நாசம் நடக்கும்போது திரையை இரண்டாகப் பிளந்து காட்டுவதும் எனக்கு ரசிக்கவில்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தவிக்க வேண்டியிருக்கிறது.

2002-ல் தொலைக்காட்சிக்காகவும், 2013-ல் கிம்பர்லி பியர்ஸ் என்ற பெண் இயக்குநர் திரைக்காகவும் இதை மறுபடி எடுத்தார்கள். 2013 படத்தில் அந்தக் குளியலறை அவமானத்தை ஒருத்தி செல்போனில் படமெடுத்து ஊரறிய விட்டுவிடுகிறாள். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! ஆனாலும் நடிப்புக்கு 1976 படத்தைத்தான் சொல்வேன்.

கடைசிக் காட்சியைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐம்பது வருஷத்துப் படம், பரவாயில்லை. பிழைத்துக்கொண்ட சூ, கேரியின் வீடு இருந்த இடத்தில் பூ வைக்கப் போகிறாள். மண்ணுக்குள்ளிருந்து ரத்தக் கை ஒன்று நீண்டு அவளைப் பிடிக்கிறது. வேறு யாராவது கையை நீட்டட்டும் என்று விட்டுவிடாமல், பிடிவாதமாக மண்ணுக்கடியில் படுத்துத் தன் கையையே நீட்டியிருக்கிறார் ஸ்பேஸக். யாழினி என் தோளை அப்படியே பிடித்துக்கொண்டாள். கனவுதான் அது. வீறிட்டு எழும் சூவை அவள் அம்மா ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். சூவாக நடித்தவர் ஏமி இர்விங். அந்த அம்மாவாக நடித்த பிரிசில்லா பாயிண்டர், ஏமியின் சொந்தத் தாயார்.