உறுப்பினரிடம் எதைக் கேட்பது? உதவித் திட்டங்களுக்கான வழிகள்

நீர்வேலிக்குத் திரும்பிவரும் உங்களுக்குத் தேவைகள் பல இருக்கும். வீடு திருத்தவேண்டும், கிணறு இறைக்கவேண்டும், மலசலகூடம் கட்டவேண்டும், தோட்டத்துக்கு முதல் வேண்டும். பாராளுமன்ற உறுப்பினரிடமோ பிரதேச சபை உறுப்பினரிடமோ போனால் ஏதாவது கிடைக்கும் என்று அயலவர்கள் சொல்வார்கள். போவது நல்லதுதான். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். உறுப்பினரின் வேலை பெரும்பாலும் வழி காட்டுவது. உதவியைத் தீர்மானித்து வழங்குவது அலுவலகங்களே.

பணம் எப்படி வருகிறது?

இலங்கையில் 1974ஆம் ஆண்டு பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் தொடங்கியது. பாராளுமன்ற உறுப்பினர் தமது பகுதியில் எந்த வேலையைச் செய்யலாம் என்று இதன் மூலம் முன்மொழிவார். அந்தப் பணம் அவரின் கைக்கு வருவதில்லை. மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் மதிப்பீட்டைப் பார்த்து, அனுமதித்து, பணத்தைக் கொடுக்கின்றன. தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே இந்த ஆண்டு ஒதுக்கீடு உண்டா என்பதை முதலில் உறுப்பினரின் அலுவலகத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்தவர்கள் அங்கே ‘எம்.பி. தொகுதி நிதி’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1993இல் தொடங்கிய அந்தத் திட்டத்திலும் உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். இரண்டு இடத்திலும் இப்படியான நிதி பெரும்பாலும் பொதுவேலைக்கே போகிறது.

தனிக் குடும்பத்துக்கான உதவி வேறு வழியில் வரும். 2012இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுக்கப்பட்டது. பயனாளிகள் வரையறுத்த தகைமைகளின்படி தெரிவானார்கள். பணம் அவர்களின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாக வந்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகர அடுத்த தவணை கிடைத்தது. இப்படியான திட்டங்களில் சிபாரிசுக் கடிதம் உங்கள் பத்திரங்களுக்கு ஈடாகாது.

முதலில் பதிவு

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டது. அடுத்த ஆண்டு திரும்பியவர்கள் பலர். வன்னிக்கும் இந்தியாவுக்கும் போய், பல ஆண்டுகள் கழித்து வருபவர்களும் உண்டு. இப்படி வருபவர்களின் குடும்பப் பதிவு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கக்கூடும். பதிவு இங்கே இல்லாவிட்டால் பயனாளிகள் பட்டியலிலும் உங்கள் பெயர் வராமல் போகலாம். அதனால் யாரிடமும் போவதற்கு முன் உங்கள் பிரிவுக் கிராம அலுவலரிடம் போய்ப் பதிவை மாற்றுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

யாரிடம் எதற்கு?

வீடு, வாழ்வாதாரம், நிவாரணம் ஆகியவற்றுக்குக் கோப்பாய்ப் பிரதேச செயலகம். வாழை, வெங்காயம், மரக்கறிச் செய்கைக்குக் கமநல சேவை நிலையம். ஒழுங்கை, வடிகால், தெருவிளக்கு, கட்டட அனுமதி ஆகியவற்றுக்கு வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. போரில் ஏற்பட்ட உயிரிழப்பு, சொத்திழப்பு பற்றிக் கேட்பதற்கு 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இழப்பீட்டுக்கான அலுவலகம்.

உறுப்பினரிடம் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் தேவைக்கு இப்போது எந்தத் திட்டம் உண்டு? எந்த அலுவலகத்தில், எந்த உத்தியோகத்தரைக் காணவேண்டும்? விண்ணப்ப முடிவு திகதி என்ன? கொடுத்த விண்ணப்பம் நகராமல் கிடந்தால், கொடுத்த திகதியையும் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் சொல்லி, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதை எழுப்பும்படி கேளுங்கள். அரசியல் பிரதிநிதிகளும் திணைக்கள அதிகாரிகளும் ஒன்றாக இருக்கும் கூட்டம் அது.

பொதுத்தேவையைச் சங்கமாகக் கேளுங்கள்

உங்கள் ஒழுங்கையில் எட்டுக் குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாரியில் வெள்ளம் நிற்கிறது, வாழைக்குலையைச் சைக்கிளில் வெளியே கொண்டுவர வழியில்லை. எட்டுப் பேரும் தனித்தனியே கேட்டால் எட்டுக் கடிதம்தான் மிஞ்சும். கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, சனசமூக நிலையமோ கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, மதிப்பீட்டுடன் கொடுத்தால் உறுப்பினர் அதை முன்மொழிவது இலகு. பிரதேச சபைக்கு 2018 தேர்தலிலிருந்து வட்டார முறை உண்டு. உங்கள் வட்டாரத்துக்குத் தெரிவானவர் யார் என்று கேட்டறிந்து, அவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள்.

வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்களிடம் நிதி கேட்பதற்கும் இதே ஒழுங்கு வேண்டும். பதிவுள்ள சங்கம், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, மதிப்பீடு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பற்றுச்சீட்டுகள் இருந்தால் அடுத்த முறையும் தயங்காமல் தருவார்கள்.

கவனத்தில் வையுங்கள்

உங்கள் பெயரைப் பட்டியலில் போடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம். வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையொப்பம் வைக்கவேண்டாம். மூலப் பத்திரங்களை யாரிடமும் விட்டுவரவேண்டாம், பிரதியைக் கொடுங்கள். எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும் திகதியிட்ட ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

உங்களைத் தெரிவு செய்யாவிட்டால் காரணம் அறிய உங்களுக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். எழுத முடியாத முதியவர்கள் வாய்மூலமும் கேட்கலாம், அதை எழுதிக்கொள்ள உதவுவது தகவல் அலுவலரின் கடமை.

தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரும் முதியவர்களும் அலுவலகம் போகத் தயங்கினால், சங்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கேட்பது உங்களுக்காக ஒதுக்கப்பட்டதைத்தான். அதற்காக யாருக்கும் நீங்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, எந்தக் கட்சிக்கும் வாக்குறுதி கொடுக்கத் தேவையும் இல்லை.