குரல் தாழ்ந்தால் முதுமை என்று விட்டுவிடாதீர்கள்

திருக்கடையூர் அபிராமி சன்னிதிக்கு அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று பெற்றோரைப் பிள்ளைகள் மாலையும் கழுத்துமாக அழைத்து வராத நாளே இல்லை. பார்க்கின்சன் நோயும் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. மணையில் உட்கார்ந்தவரின் கை நடுங்கினால் எல்லார் கண்ணிலும் படும். சங்கல்பத்தில் அவர் சொல்லும் பெயரும் நட்சத்திரமும் சாஸ்திரிகள் காதில் விழாவிட்டால், ‘வயசாயிட்டுது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அன்று பார்க்கின்சன் நோயை நடுக்குவாதம் என்பார்கள். வைத்தியர்கள் கொடுத்த பூனைக்காலி விதையில், இன்று இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்து இயற்கையாகவே இருக்கிறது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி எழுதியது 1817இல். லெவோடோபா ஆங்கில மருத்துவத்துக்கு வந்தது 1960களில். அது வந்தபின் கைகால் இறுக்கம் தளர்ந்தது, நடை மீண்டது. குரல் மட்டும் மாத்திரைக்கு அவ்வளவாக மசியவில்லை. களத்துமேட்டில் நின்று நாலு வரப்பு தாண்டி ஆளைக் கூப்பிட்டவர், திண்ணையில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காமல் பேசினார். ‘என்னப்பா முணுமுணுக்கிறீங்க?’ என்று கேட்டுச் சலித்த வீட்டார் கேட்பதையே விட்டார்கள். அவரும் பேசுவதை விட்டார்.

இந்நோயில் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறையும்போது உடலின் அசைவுகள் சிறுத்துப்போகின்றன. மூச்சு, குரல்நாண், நாக்கு எதுவும் இதற்கு விலக்கல்ல. தன் குரல் தாழ்ந்திருப்பது நோயாளிக்கே உறைப்பதில்லை. ‘நான் சரியாத்தான் பேசுறேன், உங்களுக்குத்தான் காது மந்தம்’ என்பார். அது பிடிவாதமல்ல, நோயின் கூறு.

இன்று இப்படித் தாழ்ந்த குரலுக்குப் பயிற்சி இருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் லோரெய்ன் ராமிக் குழுவினர் தொடங்கிய ‘எல்எஸ்விடி லவுட்’ முறையில் வாரம் 4 நாள் வீதம் 4 வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் பயிற்சி. மூச்சை நன்றாக இழுத்து ‘ஆ’ என்று முடிந்தவரை நீட்ட வேண்டும். பிறகு குரலை மேலே ஏற்றி, கீழே இறக்கிப் பழக வேண்டும். அதன்பின் அன்றாடம் பேசும் பத்து வாக்கியங்கள்: ‘காபி கொண்டாம்மா’, ‘மோட்டாரை நிறுத்திட்டு வாப்பா’. தொண்டையைக் கிழித்துக் கத்துவதல்ல இது; எந்த அளவு உரக்கப் பேசினால் பிறருக்குக் கேட்கும் என்று பழகிக்கொள்வது. பிரிட்டனில் 388 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிட இம்முறை கூடுதல் பலன் தந்தது என்பது அதன் முடிவு.

பேச்சு சிகிச்சைப் படிப்பைத் தரும் அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் மைசூரில் 1965இல் தொடங்கியது. இன்று சென்னையிலும் பேச்சு சிகிச்சையாளர்கள் படித்து வெளிவருகிறார்கள். ஆனால் வாரம் 4 நாள் திருக்கடையூரிலிருந்து நகரத்துக்குப் போய்வர எந்தப் பெரியவரால் முடியும்? இந்தப் பயிற்சியைக் கைபேசியில் முகம் பார்த்தபடியும் தரலாம். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பேச்சுப் பயிற்சியும் அதே வழியில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வர வேண்டும்.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவரின் குரல் சன்னமானாலோ, தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினாலோ தள்ளிப்போடாதீர்கள். நரம்பியல் மருத்துவர் மாத்திரை எழுதும்போதே பேச்சு சிகிச்சையாளருக்கும் ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். நோய் முற்றுமுன் தொடங்கினால்தான் பயிற்சி நன்றாகப் பிடிக்கும்.