பக்கவாதத்துக்குப் பின் வரும் தொற்று: தோட்டப்புறக் குடும்பங்கள் கேட்டறிய வேண்டியவை

கையும் காலும் விழுந்து, வாய் ஒருபுறம் கோணி, பேச்சுக் குழறிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் முதல் இரண்டு நாளைக் கடந்துவிட்டால் கண்டம் நீங்கிவிட்டது என்று ஆறுதல் கொள்ளும் வழக்கம், கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாம் வரை கடலோரமாகவும், உள்ளே ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று செம்பனைக்கு நடுவிலும் சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களிடையே இன்றும் இருக்கிறது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அவருக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இரைத்து, பிரக்ஞை மங்கும்போது, 'வாதம் தலைக்கேறிவிட்டது' என்று உறவினர் சொல்லிக்கொள்கிறார்கள். பல சமயங்களில் ஏறியது வாதமன்று; மருத்துவமனைப் படுக்கையில் வந்து சேர்ந்த இரண்டாவது நோய்.

முதல் நோயைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய்க்குறி கண்ட நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதும், மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தலையை ஸ்கேன் செய்யும் வசதி இல்லாமையால் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்பப்பட நேரலாம் என்பதும், ஆகவே 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்கவைக்காமல் 999-ஐ உடனே அழைக்க வேண்டும் என்பதும் பலர் பலமுறை எடுத்துரைத்தவை. இரண்டாவது நோயைப் பற்றித்தான் பேசுவார் குறைவு.

மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றி மடியும்போது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியும் சில நாள்களுக்குத் தளர்ந்துவிடுகிறது. அந்தத் தளர்ச்சியின் நடுவேதான் சிறுநீர்க் குழாயும், மூக்கு வழியாகச் செலுத்தும் உணவுக் குழாயும், கையில் குத்திய ஊசியும் கிருமிகளுக்கு வாயிலாக அமைகின்றன. இவை எல்லாவற்றிலும் பெரிய அபாயம் தொண்டையில் இருக்கிறது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் நாள்களில் விழுங்கும் திறன் குன்றிப்போகிறது. குடித்த நீர் இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்கு இறங்கினாலும், இருமல் எழுப்பும் நரம்பும் தளர்ந்திருப்பதால், சிலருக்கு இருமலே வருவதில்லை. பகல் வேளை பார்வையாளர் நேரத்தில் ஃபிளாஸ்கில் மைலோ கலந்து கொண்டுவந்து, 'பாவம், நேற்றிலிருந்து பச்சைத்தண்ணீர் கூட இறங்கவில்லை' என்று மல்லாந்து படுத்திருக்கும் தகப்பனாரின் வாயில் கரண்டி கரண்டியாக ஊற்றும் மகளின் அன்பைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது. ஆயினும் அந்த மைலோ பாதி நுரையீரலில் தங்கி, மறுநாள் நிமோனியாவாக வெளிப்படக்கூடும் என்பதை அவளுக்கு யாரேனும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கான பரிசோதனை மிக எளியது. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, தொண்டை மேலெழுகிறதா, இருமுகிறாரா, விழுங்கியபின் குரல் நீர் கொப்பளிப்பதுபோல் மாறுகிறதா என்று பயிற்சி பெற்ற தாதியர் கவனிப்பார்கள். அதில் தேறிய பின்பே வாய்வழி உணவும் மாத்திரையும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் கொடுத்த கலவை மருந்தை ஏனென்று கேளாமல் குடித்த தலைமுறையின் பணிவு நம்மிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. 'மிஸ்ஸி, அப்பாவுக்கு விழுங்கும் பரிசோதனை ஆகிவிட்டதா?' என்று கேட்பது அந்தப் பணிவுக்கு விரோதமானதன்று.

இந்தச் சிறு காரியத்தின் மதிப்பை ஆராய்ச்சி அளந்து காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து, 2011-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வில், காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்குதல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாள் தாதியர் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில், 90 நாளில் இறந்தவர்களும் பிறர் உதவியை நம்பி வாழ நேர்ந்தவர்களும் நூற்றுக்கு 42 பேர். வழக்கமான பராமரிப்பு மட்டும் நடந்த பிரிவுகளில் 58 பேர். புதிய மருந்தொன்றும் இதில் இல்லை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு இந்தியர்களில் நூற்றுக்கு 31.4 பேருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டிருக்க, அந்த மூன்றில் சர்க்கரை நம்மவர்க்கு எத்துணை முக்கியம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தொற்று வருமுன்னரே எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். மருத்துவர்களுக்கும் அவ்வாறே தோன்றியது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்து 2015-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள், அவ்வாறு முன்கூட்டிக் கொடுப்பதால் நிமோனியாவும் குறையவில்லை, மரணமும் ஊனமும் குறையவில்லை என்று காட்டின. ஆகவே 'என்ன இது, ஆன்டிபயாடிக் கூடப் போடவில்லையே' என்று வார்டில் சண்டையிடுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா, எப்போது எடுப்பீர்கள் என்பது ஒன்று, ஏனெனில் அது இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் அபாயம் ஏறுகிறது; சிறுநீர் சேரும் பை படுக்கைக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் கிடக்கிறதா என்பது மற்றொன்று. கட்டிலின் காலடியில் மாட்டியிருக்கும் கைசுத்த மருந்தைத் தாதியர் மட்டுமன்று, நோயாளியைத் தொடும் சித்தப்பாவும் மருமகளும் தடவிக்கொள்ள வேண்டும். வியென்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-இல் கை கழுவச் செய்து பிரசவ வார்டின் மரணங்களைக் குறைத்த பின்னும் சக வைத்தியர்கள் பலர் அவரை நம்ப மறுத்தார்கள் என்பது சரித்திரம்; நம் உறவினர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

வார்டில் நோயாளியை எப்போது எழுப்பி நடக்கவைப்பது என்பதிலும் ஆராய்ச்சி ஒரு பாடம் புகட்டியது. அதில் மலேசியருக்கும் பங்குண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய ஐந்து நாடுகளின் 56 பக்கவாதப் பிரிவுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'அவெர்ட்' ஆய்வு, படுத்தே கிடந்தால் சளியும் படுக்கைப் புண்ணும் வரும், ஆகவே முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பினால் நன்மை விளையும் என்ற நம்பிக்கையோடு தொடங்கியது. 2015-இல் முடிவு வெளிவந்தபோது, மூன்று மாதத்தில் நல்ல நிலையை எய்தியவர்கள் அவ்வாறு தீவிரமாக எழுப்பப்பட்டோரில் 46 சதவீதம், வழக்கமான பராமரிப்பில் 50 சதவீதம் என்று இருந்தது. இதற்காக ஒருவரைப் படுக்கையிலேயே விட்டுவிடலாகாது. பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும், நிலைபெற்றபின் சிறிது சிறிதாக உட்காரவைப்பதும் அவசியம். ஆனால் முதல் நாளிலேயே 'எழுந்து நடங்கள் மாமா, மனம் தளரக்கூடாது' என்று இருபுறமும் தாங்கி இழுக்கும் உற்சாகத்தை ஒத்திவைக்க வேண்டும்.

இத்தகைய ஆய்வில் சேரும்படி உங்களையும் ஒருநாள் கேட்கக்கூடும். அப்போது நினைவிற்கொள்ள வேண்டிய பழங்கதை ஒன்று இதே சிலாங்கூரில் நிகழ்ந்தது. 1905-இல், பெரிபெரி நோய் பரவியபோது, கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற ஆங்கில வைத்தியர், ஒரு சாராருக்குச் சயாம் பச்சரிசியும் மற்றொரு சாராருக்குத் தமிழர் உண்ணும் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் அந்நோயால் மாண்டார்கள், புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் மாளவில்லை. தோட்டத்துத் தமிழரைப் பெரிபெரியிலிருந்து காத்தது அவர்களுடைய சோற்றுப்பானையே என்று உலகம் அறிந்தது. ஆனால், அந்த விடுதிவாசிகளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. மனிதரைக் கொண்டு நடத்தும் மருத்துவ ஆய்வுக்கு நெறி வகுத்த 1964-இன் ஹெல்சிங்கிப் பிரகடனத்துக்குப் பிறகு அது நியாயமாகாது. இன்று மலேசியாவில் ஆய்வு எதுவும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றாக வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் தர வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் ஆய்வோடு சம்பந்தப்படாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். பேச்சிழந்த நோயாளிக்காகக் குடும்பத்தார் கையெழுத்திடலாம். மறுத்தாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை சற்றும் குறையலாகாது. மலாயில் அச்சிட்ட பல பக்கத் தாளை நீட்டி, 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று அவசரப்படுத்தினால், நாளை வந்து போடுகிறேன் என்று சொல்லும் சுதந்திரம் உங்களுக்கு உண்டு.

வீடு திரும்பிய பிறகு பாரம் முழுவதும் குடும்பத்தின்மேல் விழுகிறது. அக்குடும்பத்துக்கே பயிற்சி கொடுத்து, மறுவாழ்வுச் சிகிச்சையை வீட்டிலேயே நடத்திவிடலாமா என்று இந்தியாவில் ஜெயராஜ் பாண்டியன் முதலிய மருத்துவர்கள் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 2017-இல் வெளியான முடிவு, பயிற்சி பெற்ற குடும்பங்களிலும் பெறாத குடும்பங்களிலும் பலன் ஒன்றே என்றது. மனைவியின் சேவை வீண் என்பது இதன் பொருளன்று. இயன்முறைச் சிகிச்சையாளரின் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு மருத்துவமனை கைகழுவ முடியாது என்பதே பொருள். ஆகையால், வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே பிசியோதெரபிக்கு மறு தேதி கேளுங்கள். படுக்கையில் கிடப்பவராயின், அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தாதியர் வீடு தேடிவரும் டொமிசிலியரி சேவைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே பிசியோதெரபிஸ்ட் என்று தொழில் செய்யலாம். புறா இரத்தம் தடவினால் வாதம் நீங்கும் என்று நூறு நூறு வெள்ளியாகப் பறிப்பவர்களிடம் பதிவெண்ணைக் கேட்டுப் பார்ப்பது நல்ல பரிகாரம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் நாளுக்கு மூன்று வெள்ளி. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை பெற்றவர்க்கு அதுவும் இல்லை. பக்கவாதத்தால் நிரந்தர ஊனமடைந்தவர் மருத்துவர் சான்றுடன் சமூகநல இலாகாவில் அந்த அட்டைக்கு மனுச் செய்யலாம். 60 வயதுக்குள் வேலையில் இருந்தவர்களில் பலர், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நோய் வேலையிடத்தில் வந்ததாக இருக்க வேண்டும் என்ற தவறான எண்ணமே காரணம். வழக்கமாக ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இனி ஈட்ட முடியாதென மருத்துவக் குழு கண்டால், 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருப்பவருக்குச் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 சதவீதம் வரை மாதந்தோறும் கிடைக்கும். எந்நேரமும் துணை தேவைப்படுபவருக்குக் கூடுதலாக 500 ரிங்கிட். மறுவாழ்வுச் சிகிச்சைக்காக மலாக்காவில் 2014-இல் திறந்த தனி மையமும் சொக்சோவுக்கு உண்டு. கன்ட்ராக்டில் குலை வெட்டுபவர்களுக்கு முதலாளி சந்தா கட்டுகிறாரா என்பதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே சரிபார்த்துவிட வேண்டும், கட்டாமலிருப்பது குற்றம்.

எல்லாம் கவனித்தும் தீங்கு நேர்ந்துவிட்டால், அதாவது புண் அழுகும்வரை ஒருவரும் திருப்பிப் போடவில்லை என்றோ, விழுங்கும் பரிசோதனையின்றி உணவூட்டினார்கள் என்றோ நியாயமான சந்தேகம் எழுந்தால், முதலில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதைக் குறித்துவைத்து, மருத்துவ அறிக்கைக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். பின்னர் மருத்துவமனை இயக்குநருக்கும், பதில் திருப்தியில்லையேல் சுகாதார அமைச்சுக்கும், பொதுப் புகார்ப் பிரிவுக்கும் எழுதலாம். மருத்துவரின் நடத்தை பற்றியதாயின் மலேசிய மருத்துவ மன்றம் விசாரிக்கும். சிகிச்சையின் அபாயங்களை நோயாளியிடம் எடுத்துச் சொல்லும் கடமையின் எல்லையை வைத்தியர்களின் வழக்கம் மட்டும் தீர்மானிக்காது, நீதிமன்றமே தீர்மானிக்கும் என்று, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கைகால் செயலிழந்த ஒரு பெண்மணியின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கென்று போவதாயின் தனியார் மருத்துவமனைக்கு எதிராகப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம். அரசாங்க மருத்துவமனைக்கு எதிராக 36 மாதம் மட்டுமே. புகார்க் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடுவதில்லை. ஆகவே வழக்கறிஞரைப் பார்ப்பதாயின் புகார் எழுதும்போதே பார்த்துவிட வேண்டும்.