நடத்தை அவதானிப்புப் பயிற்சி

நடத்தை அவதானிப்புப் பயிற்சி என்பது மனிதர் அல்லது விலங்குகளின் நடத்தையை வரையறுத்த விதிகளின்படி கண்டு, துல்லியமாகப் பதிவு செய்ய அவதானிப்பாளரைப் பழக்கும் முறை ஆகும். விலங்கு நடத்தையியல், உளவியல், சிறப்புக் கல்வி ஆகிய துறைகளில் இது இன்றியமையாதது. இத்துறைகளில் அளவுக் கருவியாக அமைபவர் மனிதரே. ஒரு குழந்தைக்கு அளிக்கப்படும் பயிற்சி பயன் தருகின்றதா என்பது இத்தகைய பதிவுகளைக் கொண்டே முடிவு செய்யப்படுவதால், பதிவில் நேரும் பிழை அக்குழந்தையையே பாதிக்கும். தற்காலத்தில் இப்பயிற்சி பெரும்பாலும் நிகழ்படங்களையும் மென்பொருட்களையும் கொண்டு அளிக்கப்படுகின்றது.

வரலாறு

கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் பபூன் குரங்குகளை ஆய்வு செய்த ஜீன் ஆல்ட்மன், 1974 இல் வெளியிட்ட கட்டுரையில் அவதானிப்பு முறைகளை வகைப்படுத்தி ஒப்பிட்டார். கண்ணில் பட்டதை மட்டும் குறித்துக்கொண்டால், எடுப்பாகத் தெரியும் செயல்களே மிகுதியாகப் பதிவாகும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். ஒரு விலங்கைக் குறித்த நேரம் முழுவதும் தொடர்ந்து நோக்கும் முறை இக்கட்டுரைக்குப் பின் பரவலாயிற்று. தாளும் நிறுத்து கடிகாரமும் வகித்த இடத்தைப் பின்னர் கணினி பெற்றது.

நடத்தையை வரையறுத்தல்

பயிற்சியின் முதற்படி தெளிவான வரையறை ஆகும். "கோபமாக இருந்தான்" என்பது அவதானிப்பாளரின் ஊகம். "அருகில் இருந்தவரைக் கையால் அடித்தான்" என்பது காணக்கூடிய செயல். வரையறையில் எவை அடங்கும், எவை அடங்கா என்பவை எடுத்துக்காட்டுகளுடன் தரப்படும்.

நடத்தைகள் இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன:

* கணநேர நிகழ்வுகள்: அடித்தல், கொத்துதல் போன்றவை. இவை எண்ணப்படுகின்றன.
* நீடிக்கும் நிலைகள்: உறங்குதல், மேய்தல் போன்றவை. இவற்றின் தொடக்கமும் முடிவும் குறிக்கப்படுகின்றன.

மென்பொருளின் பங்கு

இத்தாலியின் துரின் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட போரிசு ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். இதனை விவரிக்கும் கட்டுரை 2016 இல் வெளியானது. இதில் ஒவ்வொரு நடத்தைக்கும் விசைப்பலகையின் ஒரு விசை ஒதுக்கப்படும். நிகழ்படம் ஓடும்போது விசையை அழுத்தினால், நடத்தையின் பெயரும் நேரமும் பதிவாகும். நெதர்லாந்தில் உருவான தி அப்சர்வர் இவ்வகையில் நன்கறியப்பட்ட வணிக மென்பொருள் ஆகும்.

பயிற்சியில் பின்வரும் படிகள் பின்பற்றப்படுகின்றன:

# அனுபவம் மிக்கோர் ஒரு நிகழ்படத்திற்கு முன்மாதிரிப் பதிவைத் தயாரித்தல்.
# பயிலுநர் அதனைப் பார்க்காமல் அதே நிகழ்படத்தைப் பதிவு செய்தல்.
# இரு பதிவுகளையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மீண்டும் ஓடவிட்டுக் காணுதல்.
# தேவையெனில் வரையறையைத் திருத்துதல்.
# குறித்த இசைவு அளவை எட்டும் வரை புதிய நிகழ்படங்களில் பயிலுதல்.

இசைவை அளத்தல்

இருவர் பதிவுகள் எந்த அளவு ஒத்துள்ளன என்பது அவதானிப்பாளர் இசைவு எனப்படும். நடத்தைப் பகுப்பாய்வில் 80 விழுக்காடு வழக்கமான குறைந்தபட்ச அளவு ஆகும். ஆயினும் விழுக்காடு மட்டும் போதாது. 100 இடைவெளிகளில் இருவரும் தலா 10 இல் நடத்தை நிகழ்ந்ததாகக் குறித்து, அவற்றுள் 5 மட்டுமே பொதுவாக இருப்பின், இசைவு 90 விழுக்காடாகத் தோன்றும். நடத்தை நிகழவில்லை என்பதில் 85 இடைவெளிகளில் இருவரும் ஒத்துப்போவதே இதற்குக் காரணம். தற்செயலான ஒற்றுமையை நீக்கிக் கணிக்கும் கப்பா குணகம் இங்கு 0.44 மட்டுமே. இக்குணகத்தை ஜேக்கப் கோகென் 1960 இல் அறிமுகப்படுத்தினார்.

பிழைகளுக்கான காரணங்கள்

* எதிர்பார்ப்பு: 1963 இல் ரோசன்தாலும் ஃபோடும் சாதாரண எலிகளையே சில மாணவர்களிடம் அறிவு மிக்கவை என்றும், வேறு சிலரிடம் மந்தமானவை என்றும் கூறிக் கொடுத்தனர். அறிவு மிக்கவை எனப்பட்ட எலிகளுக்கே சிறந்த முடிவுகள் பதிவாயின. எனவே ஆய்வின் எதிர்பார்ப்பை அவதானிப்பாளருக்குக் கூறாதிருத்தல் நன்று.
* கண்காணிப்பு: தம் பதிவு சரிபார்க்கப்படவில்லை என எண்ணும்போது அவதானிப்பாளர்களின் இசைவு குறைவதை ஜான் ரீட் 1970 இல் காட்டினார். ஆகவே முன்னறிவிப்பற்ற சோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.
* விலகல்: நாளடைவில் வரையறையிலிருந்து அவதானிப்பாளர் சிறிது சிறிதாக விலகுவதுண்டு. ஒன்றாகப் பணிபுரியும் இருவர் ஒரே திசையில் விலகினால், அவர்களிடையே இசைவு உயர்ந்தே இருக்கும். துல்லியம் மட்டும் குறையும். இதனை முன்மாதிரிப் பதிவுடன் அவ்வப்போது ஒப்பிட்டே கண்டறிய இயலும்.

மென்பொருள் நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கும், கணக்கீட்டை விரைவாக்கும். ஆனால் தவறான விசை அழுத்தப்பட்டால் தவறும் அதே துல்லியத்துடன் பதிவாகும். எனவே பயிற்சி ஒருமுறையுடன் முடிவதன்று. ஆய்வு முடியும் வரை தொடர வேண்டியதாகும்.